கம்ப்யூட்டர் விளையாட்டில் கீபோர்டு பழகும் மகள்: சத்தம் தாமதமாக வருகிறது, டீச்சரோ தாளம் போச்சு என்கிறார்

ஈரோட்டு அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், கீபோர்டு வகுப்புக்கும் போகிறாள். வீட்டில் உட்கார்ந்து வாசி என்றால் உடனே வயிற்றுவலி வந்துவிடும். அதனால் லேப்டாப்பில் சிந்தீசியா போட்டுக் கொடுத்தோம். திரையில் வண்ணப் பட்டைகள் மேலிருந்து விழும், கீழே தொடும்போது அந்தக் கட்டையை அழுத்த வேண்டும். இப்போது சாப்பிடக்கூட எழுந்து வருவதில்லை!

சிக்கல் இரண்டு. ஒன்று, கட்டையை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் ஸ்பீக்கரில் சத்தம் வருகிறது. இரண்டாவது, விளையாட்டில் முழு மார்க் வாங்கிய பாட்டை வகுப்பில் வாசித்தால், டீச்சர் "தாளமே இல்லையே" என்கிறார். திரை இல்லாவிட்டால் எங்கே தொடங்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. 61 கட்டை கீபோர்டு, யுஎஸ்பி கேபிள், விண்டோஸ் லேப்டாப்.

கம்பிகாரன்:
அக்கா, முதலில் ஒன்று சொல்லுங்கள். ஸ்பீக்கர் ப்ளூடூத்தா?

ஈரோட்டு அம்மா:
ஆமாம் தம்பி. லேப்டாப் சத்தம் பத்தவில்லை என்று அதில் மாட்டினோம்.

கம்பிகாரன்:
பாதி வியாதி அதுதான். ப்ளூடூத்தில் சத்தம் கால் விநாடி வரைகூடப் பிந்தி வரும். படம் பார்க்கும்போது பிளேயரே படத்தையும் அதற்கேற்பத் தள்ளிக் காட்டிச் சமாளித்துவிடும், அதனால் தெரியாது. வாசிக்கும்போது விரலை யார் தள்ளிவைப்பது?

மீதிப் பாதி விண்டோஸ் கைவரிசை. அதோடு சும்மா வரும் மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் என்ற ஒலிப்பான் இயல்பிலேயே மந்தம். விளையாட்டின் அமைப்பில் ஒலி வெளியீடு என்ற இடத்தில் அதை எடுத்துவிட்டு உங்கள் கீபோர்டையே தேர்ந்தெடுங்கள். அப்போது கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரே பாடும், தாமதம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஒரே சுரம் இரண்டு முறை ஒலித்தால், கட்டை தானும் சத்தம் போடுகிறது, லேப்டாப் திருப்பி அனுப்புவதும் சேர்ந்து ஒலிக்கிறது என்று அர்த்தம். கீபோர்டு மெனுவில் 'லோக்கல் கண்ட்ரோல்' என்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள்.

பெங்களூர் அப்பா:
இதே கேள்வியோடு வருபவர்களுக்கும் சேர்த்து. அந்தக் கேபிள் வேறொன்றுமில்லை, பெரும்பாலான கீபோர்டுகளில் பிரிண்டருக்குப் போடும் அதே கேபிள்தான். இசைக்கடையில் தனி விலை கொடுத்து வாங்க வேண்டாம். ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒயர் இழுத்தால் விளையாட்டுக்கு எதுவும் தெரியாது.

போன் மைக்கில் கேட்டு மார்க் போடும் ஆப்களும் உண்டு. எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் அது தடுமாறும். கேபிள்தான் நம்பகம். என் மகன் கிட்டார். அவனுக்கு 2011-இல் வந்த ராக்ஸ்மித் என்ற விளையாட்டு. நிஜ கிட்டாரைத் தனிக் கேபிளில் மாட்டி விளையாட வேண்டும், நன்றாக வாசிக்க வாசிக்க அதுவே சுரங்களைக் கூட்டிக்கொண்டே போகும்.

ஈரோட்டு அம்மா:
தம்பி, சத்தம் இப்போது கையோடு வருகிறது. ரொம்ப நன்றி. ஆனால் லேப்டாப்பைக் கழற்றினால் கீபோர்டு ஊமையாகிவிட்டது! மகள் ஒரே அழுகை.

கம்பிகாரன்:
பயப்படாதீர்கள், ஒன்றும் கெடவில்லை. லோக்கல் கண்ட்ரோல் ஆஃபில் இருந்தால் கட்டைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உறவு இருக்காது. பல மாடல்களில் ஒருமுறை அணைத்துப் போட்டாலே பழைய நிலைக்கு வந்துவிடும். வராவிட்டால் அதே மெனுவில் ஆன் செய்யுங்கள்.

கீபோர்டு டீச்சர்:
இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன் மேடம். உங்கள் மகள் ஆடுவது, சரியான கட்டையை அழுத்தும் வரை பாட்டு நின்று காத்திருக்கும் முறைதானே? அங்கேதான் தாளம் போகிறது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அவள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் விளையாட்டு கோபிக்காது. வகுப்பில் நாங்கள் நிற்க மாட்டோமே.

புதுப் பாட்டின் கட்டைகள் பிடிபடும் வரை மட்டும் காத்திருக்கும் முறை. அதன்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நிற்காமல் ஓடும் முறைக்கு மாற்றுங்கள். தப்பாக அழுத்தினாலும் நிற்காமல் போகட்டும். மார்க் குறையும், முகம் வாடும், இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை அவசியம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கேபிள் வழியாகப் போகும் மிடி தகவலில் எந்தக் கட்டை, எவ்வளவு பலமாக, எப்போது அழுத்தினோம், எப்போது விட்டோம் என்பதுதான் இருக்கும். எந்த விரல் என்பது இருக்காது. ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே குத்திக் குத்தி முழு மார்க் வாங்கிய பையன் என்னிடம் வந்திருக்கிறான். அவன் விரலைத் திருத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திரை இல்லாமல் வாசிக்கத் தெரியவில்லை என்பதற்கு: அதே விளையாட்டில் மேலே ஸ்டாஃப் குறியீட்டை (ஐந்து கோட்டில் எழுதும் இசைக் குறிப்பு) காட்டும் வசதி உண்டு, அதைப் போடுங்கள். விழும் பட்டைகளை ஒரு அட்டையால் மறைத்துவிடுங்கள். குறியீட்டை மட்டுமே காட்டும் பியானோபூஸ்டர் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது, அழகு குறைவு, பாடம் அதிகம்.

பழைய ஹார்மோனியம்:
அம்மா, வயசான ஆள் சொல்கிறேன். பட்டை விழுவதைப் பார்த்து அடிப்பது சங்கீதம் இல்லை. அதை மூட்டை கட்டிவிட்டு, கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையை ஆரம்பியுங்கள்.

கீபோர்டு டீச்சர்:
ஐயா, மூட்டை கட்டினால் குழந்தையும் சேர்ந்து எழுந்து போய்விடும். ஆனால் உங்கள் சரளியை அந்த விளையாட்டுக்குள்ளேயே கொண்டுபோகலாம். இசைக் குறியீடு எழுதும் மியூஸ்கோர் மென்பொருள் இலவசம். சரளி பழகும் ராகம் மாயாமாளவகௌளை, சி கட்டையை சட்ஜமாக (ச-வாக) வைத்தால்: சி, சி ஷார்ப், இ, எஃப், ஜி, ஜி ஷார்ப், பி, மேல் சி. ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கை 4/4-இல் (ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை) இரண்டு பாரில் சரியாக அடங்கும். எழுதி மிடி கோப்பாகச் சேமித்து விளையாட்டில் திறந்தால் ச ரி க ம பட்டைகளாக விழும்.

வலது கையில் ச ரி க மூன்றுக்கும் 1, 2, 3 விரல் (கட்டைவிரல்தான் 1). ம-வுக்குக் கட்டைவிரல் அடியில் நுழைந்து வர வேண்டும், பிறகு ப த நி ஸ வரிசையாக 2, 3, 4, 5. இறங்கும்போது ம-வில் இருக்கும் கட்டைவிரலைத் தாண்டி நடுவிரல் க-வுக்கு வரும். அந்த இடத்தில்தான் எல்லாக் குழந்தைகளும் தடுக்கும். விரல் எண்ணை விளையாட்டிலேயே ஒவ்வொரு சுரத்துக்கும் குறித்து வைக்கலாம்.

பழைய ஹார்மோனியம்:
சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் எங்கே போகும்?

கீபோர்டு டீச்சர்:
கட்டை வாத்தியத்தில் அது ஹார்மோனியத்துக்கும் வராதே ஐயா :) சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் கீபோர்டில் இருந்தால் பின்னால் பார்க்கலாம், மூன்றாம் வகுப்புக்கு அது இப்போது வேண்டாம்.

ஈரோட்டு அம்மா:
கீபோர்டு பேசிவிட்டது, அணைத்துப் போட்டதே போதும். முதல் சரளியை எழுதி ஏற்றிவிட்டோம். பாதி வேகத்தில் ஓடவிட்டால் ஏறும்போது பரவாயில்லை, இறங்கும்போது டீச்சர் சொன்ன அதே இடத்தில் கை சிக்குகிறது. இடது கையையும் இப்போதே சேர்க்கலாமா, அல்லது லேப்டாப்பே அதை வாசிக்கட்டுமா?

கீபோர்டு டீச்சர்:
இப்போதைக்கு இடது கை லேப்டாப்புக்கே. ம-விலிருந்து க-வுக்கு இறங்குவதை மட்டும் தனிக் கோப்பாக்கி, ம க ரி ச, ம க ரி ச என்று ஓடவிடுங்கள். அது தடுக்காமல் வந்த பிறகு வலது கையை லேப்டாப்பிடம் கொடுத்து, இடது கையைத் தனியாகப் பழக்கலாம். இரண்டையும் சேர்ப்பது அதற்கு அப்புறம்.