கேஸ்தான் ஜெயிச்சாச்சே, அப்புறம் ஏன் அக்கா வீட்டுல இருக்காங்க?

புதுசா வந்த நாலஞ்சு பேர் இன்பாக்ஸ்ல இதையே கேட்டிருக்கீங்க. "அண்ணா, எச்4 ஈஏடி கேஸ்தான் முடிஞ்சுபோச்சே, அக்கா ஏன் வேலைக்குப் போகல?" அக்கான்னு அவங்க சொல்றது என் மனைவிய. அமெரிக்காவுல எச்1பி வேலை விசாவுல இருக்கிறவங்க துணைக்குக் கொடுக்கிறது எச்4 விசா; அதுல இருக்கிறவங்க வேலை பார்க்க வாங்குற அனுமதி அட்டைதான் ஈஏடி. தனித்தனியா பதில் போட்டு மாளல, அதனால இங்கேயே எழுதிடறேன். நான் வக்கீல் கிடையாது. 11 வருஷமா நியூ ஜெர்சியில விசா பேப்பரோட குடும்பம் நடத்துறவன், அவ்வளவுதான்.

1/ 2024 ஆகஸ்ட் 2. ஆடி வெள்ளி, மறுநாள் ஆடிப்பெருக்கு. சாயங்காலம் வீட்டுல மனைவி மாவிளக்குக்கு வெல்லம் தட்டிக்கிட்டு இருந்தா. வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வர்டு வந்து விழுந்துது: "எச்4 ஈஏடி ரத்து, கோர்ட் அதிரடி!" வெல்லத்த அப்படியே போட்டுட்டு, "திங்கட்கிழமை நான் ஆபீஸ் போறதா வேண்டாமா?"ன்னு கேட்டா. எனக்கும் பகீர்னு ஆயிடுச்சு.

2/ தீர்ப்பையே எடுத்துப் பார்ப்போம்னு வாஷிங்டன் டி.சி. அப்பீல் கோர்ட் வெப்சைட்டுக்குப் போனேன். செவ்வாய், வெள்ளியில தீர்ப்பு போடுறது அங்க வழக்கம். காசு கிடையாது, யார் வேணா இறக்கிக்கலாம். நீங்களும் இதப் பழகிக்கோங்க. முதல் பக்கத்துல கேஸ் பேர், தேதி, நீதிபதிகள் பேர் இருக்கும். நடுவுல இருக்கிற சட்ட மொழிய விட்டுட்டு கடைசிக்கு ஓடுங்க. 'அஃபர்ம்'னா கீழ்க்கோர்ட் சொன்னது சரி. 'ரிவர்ஸ்'னா தப்பு. 'ரிமாண்ட்'னா திருப்பி அனுப்பிட்டாங்க, கதை இன்னும் ஓடும்.

அன்னிக்கு அங்க இருந்தது 'அஃபர்ம்'. கேஸ் போட்டது 'சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ', கலிஃபோர்னியாவுல வேலை போன ஐடி ஆட்கள் சேர்ந்த அமைப்பு. 2015ல ஆரம்பிச்ச வழக்கு. 2023 மார்ச்ல கீழ்க்கோர்ட் அவங்களுக்கு எதிராச் சொல்லிடுச்சு, அப்பீல்லயும் அவங்கதான் தோத்தாங்க. அதாவது நம்ம பக்கம் ஜெயம். ஃபார்வர்டு பண்ணின மகராசன் தலைகீழாப் படிச்சிருக்கார்.

3/ மாணவர்களுக்கும் இதுல சேதி இருக்கு. இதே கோர்ட் 2022 அக்டோபர்ல ஓபிடி செல்லும்னு 2-1ன்னு தீர்ப்பு சொல்லியிருந்தது. நீங்க படிப்பு முடிச்சதும் வாங்குற 12 மாச வேலை அனுமதி, ஸ்டெம்னா (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதப் படிப்பு) கூட 24 மாசம், அதுதான். எச்4 கேஸ்ல சாஞ்சு நின்னதே அந்தத் தீர்ப்பு மேலதான்.

(அந்தக் கோர்ட்டோட தலைமை நீதிபதி ஸ்ரீ ஸ்ரீநிவாசன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். சங்கத்துல இதச் சொல்லி ஒருத்தர் மீசைய முறுக்கினார். அவர் நெல்லைக்காரர்ங்கிறதுக்காக நம்ம கார்டு சீக்கிரம் வந்துடாது.)

4/ இனிதான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். நானும் விட்டவன்தான். கோர்ட் என்ன சொல்லிச்சு? எச்4 ஆட்களுக்கு வேலை அனுமதி கொடுக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு அதிகாரம் *உண்டு*ன்னு. கொடுத்தே *ஆகணும்*னு சொல்லல. கொடுக்கலாம் வேற, கொடுத்தே ஆகணும் வேற. இன்னிக்குக் கொடுக்கிற துறை நாளைக்கு விதிய இறுக்கினா, இந்தத் தீர்ப்பக் காட்டித் தடுக்க முடியாது.

அதுதான் நடந்துச்சு. 2025 அக்டோபர் 14, தீபாவளிக்கு முந்தின வாரம், உச்ச நீதிமன்றம் அந்தக் கேஸ எடுக்க மாட்டேன்னுடுச்சு. பத்து வருஷ வழக்கு முடிஞ்சுதுன்னு குரூப்பெல்லாம் ஒரே கொண்டாட்டம். 16 நாள் கழிச்சு, அக்டோபர் 30ல, வேற ஒரு விதி வந்துது. அதுவரைக்கும் ஈஏடி புதுப்பிக்க மனு போட்டுட்டா, எச்4காரங்க ஐ-94 தேதிக்கு (நாட்டுல தங்க அனுமதிச்ச கடைசித் தேதி) உட்பட்டு 540 நாள் வரை பழைய கார்டுலயே வேலை பார்க்கலாம். அக்டோபர் 30லேர்ந்து போடுற மனுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கார்டு முடிஞ்சு புதுசு கையில வரலன்னா வீட்டுல உட்கார வேண்டியதுதான்.

5/ நாங்க போட்டது நவம்பர் 4. 180 நாள் முன்னாடியே போட்டிருக்கலாம், ஜூன்லயே வழி இருந்துது. "என் எச்1பி நீட்டிப்போட சேர்த்துப் போட்டுக்கலாம், ஒரே செலவு"ன்னு நான்தான் தள்ளிப்போட்டேன். டிசம்பர் நடுவுல கார்டு முடிஞ்சுது. லேப்டாப்பையும் பேட்ஜையும் ஆபீஸ்ல ஒப்படைச்சுட்டு வந்தப்போ அவ என்னைத் திட்டல. திட்டியிருந்தா தேவலை.

6/ டல்லாஸ்லேர்ந்து கேட்ட தம்பிக்கு: "கலிஃபோர்னியா கோர்ட் சொன்னது எனக்குச் செல்லுமா?" ஃபெடரல் அப்பீல் கோர்ட்டுகள வட்டாரம் வட்டாரமாப் பிரிச்சிருக்காங்க, அதுதான் சர்க்யூட். அங்க ஒன்பதாவது சர்க்யூட், உங்க டெக்சாஸ் அஞ்சாவது, எங்க நியூ ஜெர்சி மூணாவது. ஒரு சர்க்யூட் சொன்னது இன்னொண்ணைக் கட்டுப்படுத்தாது. அதனால செய்தியில 'ஃபெடரல் அப்பீல் கோர்ட்'னு பார்த்தா முதல்ல எந்த சர்க்யூட்னு பாருங்க.

7/ குழந்தை பிறக்கப்போறவங்க கேட்டது. அப்பா குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர், அம்மா எச்1பி, எச்4, எஃப்1 (மாணவர் விசா) மாதிரி தற்காலிக விசான்னா, பிறக்கிற குழந்தைக்குக் குடியுரிமை இல்லைன்னு 2025 ஜனவரி 20ல அதிபர் உத்தரவு போட்டார். அது அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு ஒன்பதாவது சர்க்யூட் ஜூலைல 2-1ன்னு சொல்லிச்சு, அக்டோபர்ல பாஸ்டன்ல இருக்கிற முதல் சர்க்யூட்டும் அதையே சொல்லிச்சு. அதே வருஷம் டிசம்பர் 5ல உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லுமாங்கிற கேள்விய விசாரணைக்கு எடுத்துக்கிச்சு. பிரசவத் தேதி நெருங்கினவங்க ஃபார்வர்ட நம்பி ஃபிளைட் டிக்கெட் போடாதீங்க, ஆபீஸ் வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

8/ தீர்ப்பு வந்த அன்னிக்கே எதுவும் மாறிடாதுங்கிறதையும் மனசுல வைங்க. அரசாங்கம் ஒரு தரப்பா இருக்கிற சிவில் கேஸ்ல மறுவிசாரணை கேட்க 45 நாள் உண்டு. யாரும் கேட்கலன்னா அதுக்கப்புறம் 7 நாள்ல 'மேண்டேட்'னு ஒரு தாள் வரும். பொதுவா அதுக்கு அப்புறம்தான் தீர்ப்பு நடப்புக்கு வரும்.

9/ அடுத்த ஆறேழு மாசத்துல ஈஏடி முடியிறவங்க இப்பவே கார்ட எடுத்துத் தேதியப் பாருங்க. வகைன்னு இருக்கிற இடத்துல சி26னு போட்டிருந்தா அது எச்4. எங்களுக்கு இன்னும் கார்டு வரல. தபால் பெட்டிய ஒரு நாளைக்கு ரெண்டு தடவ திறந்து பார்க்கிறோம், தபால்காரர் வர்றது என்னவோ ஒரு தடவதான்.