சுவரில் ஓதம்: சிமெண்ட் பூசியபின் இன்னும் மேலே ஏறுகிறது, டைல்ஸ் ஒட்டலாமா?

சந்துவீட்டுக்காரன்:
வாடகைக்கு விடலாம் என்று மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு பழைய வீடு வாங்கினேன். செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவர், ஒன்றரை அடி கனம். மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக் கட்டைகள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய தளம். தேக்குக் கட்டைகள் இன்னும் உறுதியாக இருக்கின்றன. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் பத்திரத்துக்கே போனதால் மராமத்தை இழுத்துப் பிடித்துத்தான் செய்தேன்.

முன்அறையில் மூன்றடிக்கு ஓதம் இருந்தது. கொத்தனார் பழைய பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தார். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இப்போது நாலரை அடிக்கு உப்புப் பூத்து, பட்டி அப்பளம் மாதிரி உரிகிறது. வீடு பார்க்க வந்த இரண்டு குடும்பமும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஐந்தடிக்கு டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்கிறார் கொத்தனார்.

காரைக்கரண்டி:
டைல்ஸ் வேண்டாம் தம்பி. அந்தச் சுவர் ஈரத்தைக் குடித்து, வெயிலில் வெளியே விடுகிற சுவர். சிமெண்ட் பூசி வாயை அடைத்ததால்தான் ஈரம் மேலே வழி தேடுகிறது. டைல்ஸ் ஒட்டினால் ஆறடியில் தெரியும், அவ்வளவுதான். அது சரி, வாசலில் எத்தனை படி இருக்கிறது?

சந்துவீட்டுக்காரன்:
ஒன்று. முன்பு மூன்று இருந்ததாம்.

காரைக்கரண்டி:
அதுதான் விஷயம். சந்தில் ரோட்டு மேல் ரோடு போட்டு உயர்த்திவிட்டார்கள், உங்கள் தரை பள்ளமாகிவிட்டது. மழைத் தண்ணீர் சுவரின் காலடியில் நிற்கும். முதலில் அதை வழியவிடுங்கள். பிறகு ஓதம் தெரியும் உயரத்துக்கு மேலே இன்னும் ஓரடி வரை சிமெண்டை உரித்து, சில வாரம் சுவரை அப்படியே காயவிடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உலர்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. பூச்சில் கலக்கக் கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் கிடைத்தால் நல்லது. நன்றாக ஊறிய சுண்ணாம்பு கிடைப்பதுதான் முக்கியம்.

மாடிப்படி:
ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்ளுங்கள்: பக்கத்து வீட்டுக் குளியலறை அந்தச் சுவரோடு ஒட்டியிருக்கிறதா? மழை இல்லாத மாதத்திலும் ஈரமாக இருந்தால் கசிவு அங்கிருந்து இருக்கலாம். இன்னொன்று, மேலே மாடி எடுக்கும் யோசனை இருந்தால் கவனம். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக்கூடாது.

சந்துவீட்டுக்காரன்:
அண்ணே, நீங்கள் சொன்னதும் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற இடம். சாக்கடைக் குழாயின் இணைப்பு விரிந்து, தண்ணீர் நேராக நம் சுவருக்குள் இறங்குகிறது. அந்த அக்கா, குழாய் மாற்றுகிற செலவில் பாதி தருகிறேன் என்கிறார். இப்போது ஆவணி. ஐப்பசி மழைக்குள் காயுமா?

காரைக்கரண்டி:
குழாயை இந்த வாரமே மாற்றுங்கள். சிமெண்டை உரித்து ஜன்னலைத் திறந்து போடுங்கள். காயாவிட்டால் பூச்சைத் தை மாதத்துக்குத் தள்ளுங்கள், வாடகை நாலு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

சந்துவீட்டுக்காரன்:
சரிண்ணே. டைல்ஸ் முன்பணத்தைத் திரும்பக் கேட்கப் போகிறேன்.