கம்மலைக் கழற்றாவிட்டால் இரட்சிப்பு இல்லையா? அம்மாவுக்கு என்ன பதில் சொல்ல?

பாளைக்காரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர், பரம்பரையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). அம்மாவுக்கு 64 வயது. ஆறு மாசமாகப் பக்கத்துத் தெருவில் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள். நகை போட்டால் இரட்சிப்பு இல்லை, சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரிக்காவிட்டாலும் இல்லை என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அப்பா வாங்கிக் கொடுத்த சிவப்புக்கல் கம்மலைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். ஆனால் காது தூர்ந்துவிடக் கூடாதே என்று இரண்டு துளையிலும் ஈர்க்குச்சி செருகியிருக்கிறாள், அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ராத்திரி படுக்கும்முன் இன்றைக்கு என்னென்ன தப்பு செய்தேன் என்று விரல் மடக்கி எண்ணுகிறாள். கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள் என்ற எபேசியர் 2:8-ஐ எடுத்துச் சொன்னால், கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபு 2-ஐப் படி என்கிறாள். சண்டை போடாமல் யாராவது விளக்குங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, அப்போஸ்தலர் 15-ம் அதிகாரம் முதல் வசனத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். யூதேயாவிலிருந்து வந்த சிலர் அந்தியோகியாவில் இருந்த சகோதரர்களிடம், விருத்தசேதனம் (ஆண்களுக்கு நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) பண்ணாவிட்டால் இரட்சிக்கப்படமாட்டீர்கள் என்றார்கள். அம்மாவிடம் சொன்னதும் இதே வாக்கியம்தானே? விருத்தசேதனம் இருந்த இடத்தில் கம்மல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்காகவே எருசலேமில் கூடிப் பேசினார்கள். நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தடியை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று பேதுரு கேட்டார். மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்திலேயே ஊறி வளர்ந்த யூதர் கேட்ட கேள்வி அது.

அப்புறம் ஆபிரகாம். அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார் என்பது ஆதியாகமம் 15:6. விருத்தசேதனம் வருவது 17-ம் அதிகாரத்தில். இஸ்மவேல் பிறந்தபோது அவனுக்கு 86 வயது, விருத்தசேதனத்தின்போது 99. அதாவது நீதிமான் என்று எண்ணப்பட்டுக் குறைந்தது 13 வருஷம் கழித்துத்தான் அந்த அடையாளம் வருகிறது. மோசேயின் பிரமாணம் வந்தது இன்னும் எத்தனையோ தலைமுறை தாண்டி. ரோமர் 4-ல் பவுல் பிடித்துக்கொள்வது இந்த வரிசையைத்தான். நாற்பது வருஷம் பாடம் நடத்தியவன் சொல்கிறேன், முன்பின் சரியாகத் தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

யாக்கோபுக்கும் இதே சாவிதான். அவர் காட்டுவது ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த ஆதியாகமம் 22-ம் அதிகாரம், அங்கேயும் 15:6-ஐ எடுத்துச் சொல்லி, அது நிறைவேறியது என்கிறார். வாயால் மட்டும் விசுவாசம் என்று சொல்லிவிட்டு, பசித்து நிற்கிற சகோதரனைப் போய் வா என்று அனுப்புகிறவனைத்தான் அவர் கண்டிக்கிறார். நகை என்ற பேச்சே அந்த அதிகாரத்தில் கண்டிக்கிற இடம் ஒன்றுதான்: பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் கால்மாட்டிலும் கொடுக்காதே என்பது.

வள்ளியூர் அக்கா:
தம்பி, நான் நகை போடாத சபைதான், கழற்றி 20 வருஷம் ஆகிறது. எங்களை எல்லாம் மொத்தமாகத் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். நான் கழற்றியது இரட்சிப்பை வாங்க இல்லை, அது ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கழற்றினேன். வாத்தியார் ஐயா சொன்ன அந்த முன்பின்தான் இதுவும். என் மருமகள் நகை போட்டுக்கொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறாள், அவள் இரட்சிப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அம்மா பயத்தில் கழற்றியிருக்கிறார்கள், அது வேறு விஷயம். பயத்தில் செய்ததற்கு எத்தனை செய்தாலும் மனசு ஆறாது, நாளைக்கு வேறொன்று சொல்வார்கள், அதையும் செய்ய வேண்டியிருக்கும்.

நாசரேத் வாசகன்:
ஓய்வுநாள் பற்றி மட்டும். இது நம் பக்கத்தில் புதிதாக வந்த வாதம் இல்லை. 1857-ல் மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு சட்டாம்பிள்ளை என்பவர் பிரகாசபுரத்தில் தனிச்சபை தொடங்கினார், அங்கே ஓய்வுநாள் சனிக்கிழமைதான். அவர்களுக்கு வேறு நியாயமான மனக்குறைகளும் இருந்தன, அந்தச் சரித்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஓய்வுநாளை வைத்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று கொலோசெயர் 2:16-ல் இருக்கிறதே, அதை என்ன செய்வது? சனிக்கிழமை ஆசரிக்கிறவர் ஆசரிக்கட்டும், அதை வைத்து அடுத்தவரைப் பயமுறுத்தக் கூடாது.

உவரிக்காரன்:
நான் கத்தோலிக்கன், நீங்கள் இரட்சிப்பு என்பதை நாங்கள் மீட்பு என்போம், விசுவாசத்தை நம்பிக்கை என்போம். கத்தோலிக்கர் கிரியையால், அதாவது நற்செயலால் மீட்பு என்று நம்புகிறவர்கள் என்று பலர் நினைக்கிறீர்கள். 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் உலக சம்மேளனமும் நாங்களும் கையெழுத்திட்ட கூட்டறிக்கை இருக்கிறது. நம்மிடம் உள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார் என்பது அதில் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டது. நற்செயலுக்கு அந்த அருள்தான் நம்மைத் தூண்டுகிறது. அன்பின் வழியாய்ச் செயலாற்றும் நம்பிக்கையே பயனுள்ளது என்கிற கலாத்தியர் 5:6-ஐயும் அம்மாவுக்குக் காட்டுங்கள்.

பாளைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி கரண்ட் போயிருந்தது, டார்ச் வெளிச்சத்தில் ஆதியாகமம் 15-ம் 17-ம், பிறகு ரோமர் 4-ம் வாசித்தேன். அம்மா இரண்டு தடவை நிறுத்தச் சொல்லி, 86, 99 என்று தானே கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்போ அவனுக்கு அன்னைக்கே ஆயிட்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கம்மலைப் போடு என்று நான் சொல்லவில்லை, அவளும் எடுக்கவில்லை. அக்கா சொன்னதையும் வாசித்துக் காட்டினேன், அவர்களிடம் பேச முடியுமா என்று கேட்கிறாள். அக்கா, உங்களுக்கு எந்த நேரம் தோது என்று சொன்னால் போன் போட்டுத் தருகிறேன்.