சங்கிலிக் கவசம் போட்டால் தோள் கழன்றுபோகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் காலாள் வேடத்துக்காக ஒரு சங்கிலிக் கவசம் வாங்கினேன், பத்து கிலோ இருக்கும். அரை மணி நேரத்தில் தோள் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது, போன பயிற்சியில் மழுங்கிய வாள் பட்டதற்கே நாலைந்து வளையம் வாய் பிளந்துவிட்டது. இதைப் போட்டுக்கொண்டு எப்படித்தான் சண்டை போட்டார்கள்?

பதில் 1:
பெல்ட் கட்டினீர்களா? இடுப்பில் இறுக்கிக் கட்டி, கவசத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துத் தொங்கவிடுங்கள், எடையில் ஒரு பங்கு இடுப்புக்குப் போய்விடும். உங்களுடையது முனைகள் வெறுமனே முட்டிக்கொண்டிருக்கும் மலிவு ரகம் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்தில் முனைகளைத் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் (சின்ன ஆணி) அடித்தார்கள். முட்டு வளையம் புகைப்படத்துக்கு மட்டும்தான் சரி.

பதில் 2:
உள்ளே என்ன போடுகிறீர்கள்? டி-சட்டை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சங்கிலி வெட்டைத் தடுக்கும், அடியின் அதிர்ச்சி அப்படியே எலும்புக்குப் போகும், அதனால்தான் உள்ளே கேம்பசன், அதாவது பல அடுக்குத் துணியில் தைத்த தடித்த சட்டை, போட்டார்கள். அப்புறம் காலை மறக்காதீர்கள். 1361இல் இன்றைய ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் உள்ள விஸ்பியில் நடந்த போரின் புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளில் முழங்காலுக்குக் கீழே அத்தனை வெட்டுக் காயங்கள்!

கேள்வி கேட்டவர்:
டி-சட்டைதான். சிரிக்காதீர்கள். கேம்பசன் தைக்க முதலில் எத்தனை அடுக்கு லினன் வேண்டும்?

பதில் 2:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். பத்து அடுக்கில் ஆரம்பியுங்கள், தைக்க விரல் தேயும்.