டிசி-3: நான்கு நாள் நின்ற எஞ்சின், புரொப்பெல்லர் பாதியில் முட்டுகிறது

கேள்வி:
டிசி-3 விமானத்தின் இடது எஞ்சின், பிராட் அண்ட் விட்னி ஆர்-1830-92, 14 சிலிண்டர் இரண்டு வரிசையில் வட்டமாக நிற்கும் ரேடியல். புரொப்பெல்லரைக் கையால் சுற்றும்போது இரண்டாவது பிளேடு தாண்டியதும் கல்லில் மோதியதுபோல் நிற்கிறது. கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டரில் காற்று அமுங்கும் தடை என்றால் அழுத்த அழுத்த விட்டுக்கொடுக்குமே, இது அசையவே இல்லை. கொஞ்சம் பின்னால் சுற்றிவிட்டு ஸ்டார்ட்டர் போடலாமா?

பதில் 1:
இரண்டுமே வேண்டாம். இது ஹைட்ராலிக் லாக், அதாவது சிலிண்டரில் தேங்கிய திரவம் அமுங்காமல் பிஸ்டனைத் தடுப்பது. நின்ற எஞ்சினில் எண்ணெய் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கிவிடும். பின்னால் சுற்றினால் அது வால்வு வழியாக இன்டேக் பைப்புக்குப் போகும். லாக் விட்டதுபோலத் தெரியும். ஸ்டார்ட் ஆனதும் அதே எண்ணெயைச் சிலிண்டர் திரும்ப உறிஞ்சும். எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது முட்டினால் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடு அன்றே உடையாது, பல மணிநேரம் பறந்தபிறகு உடையும். அதுதான் பயங்கரம்.

மேக்னெட்டோ (பிளக்குக்கு மின்சாரம் தருவது) ஆஃப், மிக்சர் (எரிபொருள் கலவை) கட்-ஆஃப், சக்கரத்துக்குக் கட்டை. சிலிண்டர் எண்கள் பின்வரிசையில் ஒற்றைப்படை, முன்வரிசையில் இரட்டைப்படை. உச்சியில் 1, நேர் கீழே 8. 6 முதல் 10 வரையுள்ள சிலிண்டர்களின் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அடியில் தட்டு வையுங்கள். ஏற்கெனவே பின்னால் சுற்றியிருந்தால் அந்த இன்டேக் பைப்புகளையும் வடிக்கவேண்டும்.

பதில் 2:
எவ்வளவு எண்ணெய் போதும் என்று பாருங்கள். ஒரு சிலிண்டர் சுமார் 2.14 லிட்டர், கம்ப்ரெஷன் விகிதம் 6.7. பிஸ்டன் உச்சியில் மிஞ்சும் இடம் ஏறக்குறைய 375 மில்லி, ஒன்றரை டம்ளர். அதற்கு மேல் ஒரு சொட்டு இருந்தாலும் பிஸ்டன் தாண்டாது.

கேட்டவர்:
பின்னால் சுற்றவில்லை, ஸ்டார்ட்டரையும் தொடவில்லை. 8, 9 இரண்டிலும் எண்ணெய் கொட்டியது. இனி எத்தனை பிளேடு சுற்றவேண்டும்?

பதில் 2:
கியர் 16:9, அதாவது கிராங்க் 16 சுற்றுக்குப் புரொப்பெல்லர் 9 சுற்று. கிராங்க் இரண்டு சுற்று முடிக்க புரொப்பெல்லர் ஒன்றே அரைக்கால் (1.125) சுற்று. மூன்று பிளேடு புரொப்பெல்லரில் நாலு பிளேடு கடந்தால் 14 சிலிண்டரும் ஒருமுறை கம்ப்ரெஷன் பார்த்துவிடும். ஆனால் நாலோடு நிறுத்தாதீர்கள். இன்டேக் பைப்பில் மிச்சமிருப்பது அடுத்த சுற்றில்தான் உள்ளே வரும். குறைந்தது பன்னிரண்டு பிளேடு சுற்றுங்கள், முன்னோக்கி மட்டும்.

பதில் 1:
முதல் டிசி-3 1935 டிசம்பர் 17-இல் பறந்தது ரைட் சைக்ளோனில், 9 சிலிண்டர், ஒரே வரிசை. அதிலும் இதே தொல்லைதான், எண்ணெய் கீழே இறங்காத ரேடியல் கிடையாது. பிளக்கைத் துடைத்து மாட்டும் முன் எலக்ட்ரோடுகளுக்கிடையே எண்ணெய்ப் படலம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தச் சிலிண்டரில் எரிபொருள் பற்றாது.