தானே புயல் முதல் ஃபெஞ்சல் புயல் வரை: ஜெனரேட்டர் போட்டவர்கள், ஓட்டியவர்கள் அனுபவம்

எலக்ட்ரிக்கல் டிசைன், புதுச்சேரி

கடலூர், பாண்டிப் பக்கம் டிஜி செட் (டீசல் ஜெனரேட்டர்) போட்டவர்கள், ஓட்டுபவர்கள், ரிப்பேர் பார்ப்பவர்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். நானே ஆரம்பிக்கிறேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் கரை ஏறியபோது பாண்டியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் எல்லாம் ஏரியாகிவிட்டன. தண்ணீர் வடிந்ததும் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். 62.5 கேவிஏ (திறன் அளவு) செட், வாங்கி அதிக நாள் ஆகவில்லை. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பேட்டரி, கனோப்பி என்கிற வெளிக்கூட்டின் அடித்தட்டில் இருந்தது. கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டர் காற்றை இழுக்கிற ஜன்னலும் கீழேதான். ஈபி போனதும் செட்டைத் தானாகக் கிளப்புகிற ஏஎம்எஃப் பேனலுக்குக் கேபிள் அடியிலிருந்து ஏறுகிறது. டீசல் டேங்க் கீழே சட்டத்தோடு சேர்ந்தது, அதன் மூச்சுக்குழாய் முழங்கால் உயரம்கூட இல்லை. வடிகட்டியைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் பிடித்தோம். பாதிக்கு மேல் சேற்றுத் தண்ணீர், மேலே மெல்லிசாக டீசல் மிதக்கிறது.

வரைபடத்தில் செட் நிற்கிற மேடை ஓர் அடி என்று போட்டிருந்தார்கள், ஓர் அடிதான் கட்டியிருந்தார்கள். பின்பக்கச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை அதைவிட உயரத்தில் தெளிவாகத் தெரிந்தது. இப்போது நான் எந்த இடத்துக்குப் போனாலும் கேவிஏ கேட்பதற்கு முன்னால் அந்தக் கறையைத்தான் தேடுகிறேன். அதற்கு மேலே மேடை, பேட்டரி தனி ஸ்டாண்டில், மூச்சுக்குழாய் ஆள் உயரத்துக்கு.

ஐஸ் கம்பெனி, கடலூர் முதுநகர்

அண்ணே, எங்கள் கதை வேறு. துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் மேடை உயரமாகவே இருக்கிறது. பிரச்சினை கம்ப்ரசர்.

30 குதிரைத்திறன் அமோனியா கம்ப்ரசர். ஓடும்போது 29 கேவிஏ மாதிரிதான் எடுக்கும். விற்க வந்தவர் அதோடு பம்பு, லைட்டு எல்லாம் கூட்டி, "40 கேவிஏ தாராளம்" என்றார். எங்கள் பழைய ஆபரேட்டர்தான் சிரித்தார். நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும் நொடியில் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும். கணக்குப் போட்டால் 175 கேவிஏ பக்கம் வரும். வோல்டேஜைக் குறைத்துக் கிளப்புகிற ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் அது மூன்றில் ஒரு பங்கு, 58 கேவிஏ. அப்போதும் 40-க்குள் அடங்காது. வோல்டேஜ் விழும், மோட்டாருக்குக் கரண்டைச் சேர்க்கிற கான்டாக்டர் டக்கென்று விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

கடைசியில் 82.5 போட்டோம். கிளப்புகிற வரிசையைப் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம்: முதலில் கம்ப்ரசர், அதுவும் பைபாஸ் வால்வைத் திறந்து வைத்துச் சுமையில்லாமல். அது நிலைத்த பிறகுதான் பம்பு, அப்புறம் மற்றது. லைட்டு, ஃபேனை முதலில் போட்டுவிட்டால் கம்ப்ரசர் கிளம்பும்போது எல்லாம் கண் சிமிட்டும்.

மோட்டாரை மெதுவாக வேகம் ஏற்றிக் கிளப்புகிற விஎஃப்டி போட்டால் சின்ன செட்டே போதும் என்று சிலர் சொல்கிறார்கள். கிளம்பும் இழுப்பு குறையும், சரி. ஆனால் அது உண்டாக்குகிற ஹார்மோனிக்ஸால் (கரண்ட் அலை கோணுவது) ஆல்டர்னேட்டர் சூடாகும். அதற்கும் இடம் விட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

முன்னாள் லைன் வேலை, குறிஞ்சிப்பாடிப் பக்கம்

2011 டிசம்பர் 30 காலையில் தானே அடித்துவிட்டுப் போனது. எங்கள் பக்கம் பலா, முந்திரித் தோப்பெல்லாம் படுத்துவிட்டது, கம்பங்களும் கூடவே. கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஊர் ஊராக ஜெனரேட்டர் வந்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தது.

ஒரு தெருவில் டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் லைன் அறுந்து கிடக்கிறது, ஈபி சப்ளை சுத்தமாக இல்லை. வேலையைத் தொடங்கும் முன் லைனைத் தரையோடு சேர்க்கிற எர்த் ராடு மாட்டினோம், தீப்பொறி பறந்தது! தேடிப் போனால், ஒரு வீட்டில் வாடகை ஜெனரேட்டரை மீட்டர் பக்கத்து வயரில் சும்மா முறுக்கிவிட்டிருக்கிறார்கள். மெயினை இறக்கவில்லை. அந்தக் கரண்ட் டிரான்ஸ்பார்மரில் தலைகீழாகப் போனால் மேலே 11,000 வோல்ட். கம்பத்தில் இருப்பவன் கதி என்ன? வீட்டுக்காரரிடம், "ஐயா, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வாங்கிப் போடுங்க, இல்லேன்னா அணைச்சுடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டோம். நியூட்ரலையும் சேர்த்துப் பிரிக்கிற சுவிட்ச்தான் வேண்டும், ஈபியும் ஜெனரேட்டரும் ஒரே சமயத்தில் சேரவே முடியாதபடி.

டீசல் மெக்கானிக், வில்லியனூர்

கல்யாண மண்டபக்காரர்கள் கவனிக்கவும். ஏசிக்காக 125 கேவிஏ போடுகிறீர்கள். முகூர்த்தம் இல்லாத நாளில் வாட்ச்மேன் ரூம் லைட்டுக்கும் அதையே ஓட்டுகிறீர்கள். முப்பது சதவீதத்துக்குக் கீழே நாள் கணக்கில் ஓடினால் டீசல் முழுசாக எரியாது. சைலன்சர் இணைப்பில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு வழியும். அப்புறம் முகூர்த்த நாளில் புகை தள்ளுகிறது என்று என்னைத் திட்டுவீர்கள். 40 ஒன்று, 82.5 ஒன்று என்று இரண்டாகப் போடுங்கள். முடியாவிட்டால் மாதம் ஒருமுறை ஏசியை முழுக்கப் போட்டு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

எலக்ட்ரிக்கல் டிசைன், புதுச்சேரி

லைன் வேலை பார்த்த அண்ணன் வாரக்கணக்கு என்று சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். பெயர்ப்பலகையில் ஸ்டாண்ட்பை, பிரைம் என்று இரண்டு விதக் கேவிஏ வரும். ஸ்டாண்ட்பை எண் பெரிதாகத் தெரியும். ஆனால் அதற்கு மேல் ஏற்ற இடமில்லை, சராசரி லோடும் எழுபது சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிரைம் என்றால் கணக்கில்லாத மணி நேரம் ஓடலாம், பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பத்து சதவீதம் கூடவும் தாங்கும். எப்போதாவது ஒரு மணி நேரம் கரண்ட் போகிற ஊருக்கு முதலாவது போதும். நம் கடற்கரைக்கு நான் பிரைம் எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். செட் கொஞ்சம் பெரிதாகும், விலையும் ஏறும், முதலாளிகள் முகம் சுளிப்பார்கள்.

டீசலையும் அப்படியே பாருங்கள். 62.5 செட் முக்கால் லோடில் மணிக்கு ஏறக்குறைய 10 லிட்டர் குடிக்கும், ஒரு நாளுக்கு 240. புயல் அடித்த மறுநாள் பங்க்கிலும் கரண்ட் இருக்காது.