மார்புக் கவசம் வேண்டாம், அடிதாங்கி என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

உதையை முதன்மையாகக் கொண்ட கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோ பயிலும் பிள்ளைகளுக்காக ஒரு பாதுகாப்புக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போன மடலில் சொல்லியிருந்தேன். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். மார்பு, விலா, வயிறு எல்லாவற்றையும் மூடி, முதுகில் கயிறு கட்டிக்கொள்ளும் அந்தத் தடித்த அங்கிக்கு என்ன பெயர் எழுதுவது? கேட்டதும் உங்களிடமிருந்து மூன்று பெயர்கள் வந்தன: மார்புக் கவசம், உடற்காப்பு, மெய்ம்மறை. மூன்றையும் கையேட்டின் வரிகளில் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் இடறுகிறது.

மார்புக் கவசம்தான் பலருக்கும் முதலில் தோன்றிய சொல். செஸ்ட் கார்டு என்பதை அப்படியே மாற்றினால் அதுதான் வரும். ஆனால் அந்த அங்கி மார்போடு நிற்பதில்லை. டேக்வாண்டோவில் அணிவது தோளில் தொடங்கி இடுப்பு வரை இறங்கும், இரண்டு பக்க விலாவையும் சுற்றி வரும். அங்கே உண்மையில் அஞ்ச வேண்டியது வலப்பக்க விலாவுக்குக் கீழே ஈரல்மேல் விழும் உதை. சரியாக விழுந்தால் தேர்ந்த வீரரும் மூச்சு அடைத்து மடங்கிவிடுவார். கிரிக்கெட்டில் மட்டையாளர் சட்டைக்குள் கட்டிக்கொள்வதும் மார்பு முழுவதையும் மூடுவதில்லை. வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்துவீச்சாளரைப் பார்த்து நிற்பது இடப்பக்கம் என்பதால், இட விலாவை ஒட்டித்தான் அது இருக்கும். மார்பு என்று பெயர் வைத்துவிட்டால், பிள்ளை மார்பு மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். அங்கி மேலேறி விலாவின் கீழ்ப்பகுதி திறந்து கிடப்பதைப் பார்க்காது.

அதைவிட எனக்குக் கவலை தருவது கவசம் என்ற சொல். தமிழ்க் காதில் கவசம் என்றால் கர்ணன்தான். உடம்போடு பிறந்தது, எதுவும் துளைக்காதது, அதைக் கழற்றினால்தான் சாவு. அந்த நினைப்போடு ஒரு குழந்தை இந்த அங்கியைப் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். மகள் முதன்முதலாக அதை அணிந்த நாள். பின்னால் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அவள் தோழிதான் கட்டிவிட்டாள்; தனியாகக் கட்டிக்கொள்ள முடியாது. கட்டி முடித்ததும் என்னிடம் திரும்பி, "இனிமே வலிக்காதுல்லப்பா?" என்று கேட்டாள். நானும் யோசிக்காமல், "கவசம் போட்டாச்சு, அப்புறம் என்ன?" என்றேன். அடுத்த இரண்டாவது நிமிடம் கையைத் தொங்கவிட்டபடி நின்று விலாவில் ஓர் உதை வாங்கினாள். எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஒரு வாரம் சாய்ந்து படுக்க முடியவில்லை. நான் சொன்ன அந்த ஒரு சொல்தான் அவள் கையைத் தாழ்த்தியது என்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த அங்கி செய்யும் வேலை வேறு. உள்ளே இருக்கும் நுரைத் தகடு அமுங்குகிறது. அமுங்கும் நேரத்தில் அடி கொஞ்சம் நீள்கிறது, உச்ச விசை குறைகிறது. குதிகால் அளவு இடத்தில் இறங்க வேண்டியது உள்ளங்கை அளவு இடத்துக்குப் பரவுகிறது. அவ்வளவுதான். அடி உள்ளே வரத்தான் செய்யும், முனை மழுங்கி வரும். ரக்பி விதிகள் இதில் நேர்மையானவை. தோளுக்கு வைத்துக்கொள்ளும் பஞ்சு 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்கக் கூடாது, அதன் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 45 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அங்கே எல்லை வைத்திருக்கிறார்கள். மெல்லிய அணைப்புக்குத்தான் அனுமதி, கேடயத்துக்கு இல்லை.

மருத்துவர் அக்கா தன் மடலில் இதயம் பற்றிக் கேட்டிருந்தார். அது இந்தச் சொல் விவாதத்தின் நடுவிலேயே இருக்கிறது, அக்கா. நெஞ்சின்மேல், இதயத்துக்கு நேராக ஓர் அடி. அது பெரிய அடியாகக்கூட இருக்க வேண்டாம். இதயத்துடிப்பின் ஒரு சுற்றில், ஒரு நொடியின் ஆயிரத்தில் இருபது பங்கு போன்ற ஒரு சிறு இடைவெளியில் அது விழுந்துவிட்டால், இதயம் தாளம் தப்பி வெறும் நடுக்கமாகிவிடும். எலும்பு முறியாது, இதயத் தசையும் கிழியாது. கொமோஷியோ கார்டிஸ் என்று லத்தீனில் பெயர். பேஸ்பாலும், வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து பிடிக்கும் லக்ராஸும் ஆடும் பதின்வயதுப் பையன்களிடம்தான் அதிகம் பார்க்கப்பட்டது. 2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து வீரர் டமார் ஹாம்லின் ஆட்டத்தின் நடுவே எழுந்து நின்று அப்படியே பின்னால் சாய்ந்தது இதனால்தான். களத்திலேயே நெஞ்சழுத்தமும் மின்னதிர்ச்சியும் கொடுத்ததால் பிழைத்தார், மறுபடி ஆடவும் வந்தார். இப்படிச் சாய்ந்தவர்களில் பலர் நெஞ்சில் காப்பு அணிந்தே இருந்தார்கள் என்பதுதான் ஆய்வாளர்களை உலுக்கியது. சாதாரண நுரை அங்கி இதற்கு உதவவில்லை. பிறகுதான் இந்த ஆபத்துக்கென்றே தனித் தரநிலை வகுத்தார்கள். அமெரிக்க லக்ராஸில் அந்தத் தரச் சான்று பெற்ற அங்கி 2021இல் இலக்குக் காவலருக்கும், 2022இல் களத்தில் ஆடும் ஆண் வீரர்களுக்கும் கட்டாயமானது. கவசம் என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டால், தரச்சான்று உள்ளதும் இல்லாததும் பெற்றோர் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும்.

உடற்காப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது தலையிலிருந்து கால்வரை எதற்கும் பொருந்தும். பொதுத் தலைப்பாக வைத்துக்கொள்ளலாம், ஒரு பொருளின் பெயராக நிற்காது.

மெய்ம்மறை என்று புலவர் ஐயா எழுதியதைப் படித்ததும் சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பதிற்றுப்பத்தில் சேர மன்னனைச் "சான்றோர் மெய்ம்மறை" என்று விளிக்கும் இடம். போர்க்களத்தில் வீரர்களுக்கு முன்னால் நின்று அவர்கள்மேல் விழ வேண்டியதைத் தான் வாங்கிக்கொள்கிறான், அதனால் அவனே அவர்களுக்கு மெய்யை மறைக்கும் கருவி. எவ்வளவு பெரிய சொல்! ஆனால் ஐயா, பயிற்சியாளர் ஒருவர் பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, "எல்லாரும் மெய்ம்மறை போட்டாச்சா?" என்று கேட்பதைக் கற்பனை செய்து பாருங்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். தவிர, மறை என்றால் மூடுதல்தானே தவிர அடியை வாங்குதல் இல்லை. இருந்தாலும் இந்தச் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன், கீழே வருகிறேன்.

மற்ற மொழிகள் என்ன செய்தன என்றும் பார்த்தேன். கொரியர்கள் இதை ஹோகு என்கிறார்கள், காக்கும் கருவி என்றுதான் பொருள். ஜப்பானியரின் மூங்கில் வாள் விளையாட்டான கெண்டோவில் டோ என்று பெயர். அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருளே நடுவுடல்தான். அடிக்க வேண்டிய இடத்துக்கும் அதே பெயர், அடிக்கும்போது வாய்விட்டுக் கத்துவதும் அதே பெயர். வாள்வீச்சில் பிளாஸ்ட்ரான். அது பெரிய உலோகத் தகடு என்ற பொருளுள்ள இத்தாலியச் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்கு வந்தது. ஆமையின் வயிற்றுப்புற ஓட்டுக்கும் விலங்கியலில் இதே பெயர்தான். ஆக ஒரு மொழி வேலையைப் பார்த்தது, ஒன்று இடத்தைப் பார்த்தது, ஒன்று வடிவத்தைப் பார்த்தது. நாம் வேலையைப் பார்ப்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. அதுவும் அந்த வேலையை உள்ளபடியே சொல்லும் சொல்லாக இருக்க வேண்டும்.

என் பரிந்துரை: அடிதாங்கி.

இதை நான் புதிதாகச் செய்ததாகச் சொல்ல முடியாது. அச்சு ஏற்கெனவே இருக்கிறது. சுமைதாங்கி உண்டு, இடிதாங்கி உண்டு, வண்டிக்கு அதிர்வுதாங்கி உண்டு. இடிதாங்கியை யாரும் இடியைத் தடுக்கும் என்று நினைப்பதில்லை. அது மின்னலைத் தான் வாங்கிக் கட்டடத்துக்கு நோகாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது. இந்த அங்கியும் அப்படித்தான்: தான் வாங்கிப் பரப்பிவிடுகிறது. அப்புறம், "அவன் அடி தாங்கமாட்டான்" என்று எல்லோரும் சொல்கிறோம். சொல் வாயில் ஏற்கெனவே பாதி உட்கார்ந்திருக்கிறது. தாங்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கவசத்தில் அந்த எல்லை இல்லை.

அடி என்றால் பாதமும்தானே, கால் வைக்கும் பலகை என்று யாராவது எடுத்துக்கொள்ளமாட்டார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. விளையாட்டுக் களத்தில் அடி என்றால் பாதம் என்று யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன். தாக்குதாங்கி என்று மாற்றிப் பார்த்தேன், நாக்கு தட்டுகிறது. எழுதும்போது இடிதாங்கி போலவே ஒற்று மிகாமல் ஒரே சொல்லாக எழுத வேண்டும்.

இடத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டிய விதிப் புத்தகங்களில் நடுவுடல் அடிதாங்கி எனலாம். அகராதிகளில் இந்தப் பகுதிக்கு முண்டம் என்று இருக்கிறது. அது தலையில்லா உடலையும் வசைச்சொல்லையும் சேர்த்தே இழுத்து வரும், பிள்ளைகள் கையேட்டில் வேண்டாம். நடுவுடல் தெளிவாக இருக்கிறது. கிரிக்கெட்டில் விலா அடிதாங்கி, மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முதுகு அடிதாங்கி. எருதின் முதுகில் ஏறி ஆடும் ரோடியோ வீரர்கள் அணிவதும் இதில் சேரும். 1989இல் லேன் ஃபிராஸ்ட் எருது முட்டி விலா முறிந்து இறந்த பிறகு, அவருடைய நண்பரும் சக வீரருமான கோடி லாம்பர்ட் உருவாக்கியது அது. டேக்வாண்டோவில் உதையை அளந்து தானே புள்ளி பதியும் மின்னணு வகைக்கு உணர் அடிதாங்கி. தலைக்கவசத்தைத் தொட வேண்டாம், அது ஊன்றிவிட்டது.

வாள்வீச்சு பயிலும் தங்கை கேட்டது தனிக் கேள்வி. பிளாஸ்ட்ரானை அடிதாங்கி என்று சொல்லலாமா? கூடாது என்பது என் எண்ணம். அதன் வேலை அடியை மழுக்குவது இல்லை, முறிந்த வாளை உள்ளே விடாமல் இருப்பது. 1982இல் ரோம் உலகப் போட்டியில் விளாடிமிர் ஸ்மிர்னோவ் எதிராளியின் வாள் முறிந்து முகமூடியைத் துளைத்ததால் இறந்தார். அதன் பிறகுதான் முகமூடிக்கும் உடைக்கும் கடுமையான தரம் வந்தது. பிளாஸ்ட்ரான் துணி 800 நியூட்டன் குத்து விசைக்குத் துளைபடாமல் நிற்க வேண்டும். சட்டைக்குள், வாள் பிடிக்கும் கையின் அக்குளை மூடி, அந்த இடத்தில் தையலே இல்லாமல் தைத்திருப்பார்கள். தையல் ஓடும் இடத்தில்தான் துணி முதலில் விட்டுக்கொடுக்கும். மெய்யை மறைத்து, வெளியே தெரியாமல், துளைபடாமல் நிற்பது. ஐயா, மெய்ம்மறை என்ற பெயர் இதற்கு முழுதாகப் பொருந்துகிறது என்று நினைக்கிறேன். உங்கள் ஒப்புதல் வேண்டும்.

இன்னொரு சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. நாள்பட்ட அடிதாங்கியில் நுரை அமுங்கியபடியே நின்றுவிடும். வெளித்தோல் பளபளப்பாக இருக்கும், உள்ளே பலன் இருக்காது. கட்டைவிரலால் ஐந்து நொடி அழுத்தி விட்டுப் பார்த்தால், நல்லதில் குழி உடனே எழும்பும், பழையதில் தங்கிவிடும். எங்கள் பயிற்சிக்கூடத்தில் பெரிய பிள்ளைகள் "இது செத்துப்போச்சு" என்கிறார்கள். கையேட்டுக்கு அது கொஞ்சம் முரட்டுத்தனமா, இல்லை அதுதான் சரியா என்று சொல்லுங்கள். இப்போதைக்கு அந்தப் பத்தியை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

"அடிதாங்கியை அணிந்த பிறகும் கையை உயர்த்தியே வை. கயிற்றைத் தோழரிடம் கொடுத்துக் கட்டச் சொல். கட்டியதும் இரண்டு கையையும் மேலே தூக்கிப் பார். கடைசி விலா எலும்பு வெளியே தெரிந்தால், அது உனக்குச் சிறியது."